இரண்டு ஊசிகள்

ஓடினால் ஒன்றுமில்லை.
நின்றால்தான் காய்ச்சல்.

கே.ஜி. சாவடி தாண்டி அறுபதில் போகும்போது
பாதியில் படுத்துக்கிடந்த ஊசி
வேலந்தாவளம் செக்போஸ்ட் வரிசையில்
கோடு கோடாய் எழுந்து
சிவப்பைத் தொட்டு நிற்கிறது.

ஓணத்துக்கு ஒன்பது நாள்.
எனக்கு முன்னால் செண்டுமல்லி லாரி,
அதற்கு முன்னால் வாடாமல்லி,
அதற்கும் முன்னால் ஒரு கோழி வண்டி
யாரிடமோ எதையோ நிரூபித்துக்கொண்டிருக்கிறது.
என்னுடையது தொண்ணூற்றெட்டு மாடல் ஜென்.
பல் டாக்டரிடமிருந்து வாங்கியது,
சீட்டில் இன்னும் கிராம்பு வாசம்.

ஹீட்டரைப் போட்டேன்.
எஞ்சின் வெக்கை மொத்தமும் என் முழங்காலில் இறங்கியது.
ஊசி அரைக் கோடு இறங்கியது.
அவ்வளவுதான் படிந்தது பேரம்.

ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன்.
ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை,
போன வருஷத் தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது.
காற்றாடி அசையாமல் நிற்கிறது.
இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே
ஒரு சிலந்தி குடித்தனம் நடத்துகிறது.
அப்படியானால் இது இன்று நின்றதில்லை.

எத்தனை மாதமோ.
கணவாய்க் காற்றுதான்
போகும்போதெல்லாம் எதிரே வந்து
இதன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது,
சம்பளம் கேட்காமல், சொல்லிக்காட்டாமல்.
திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.
அப்போது ஊசி ஒரு கோடு கூடுதலாய் நிற்கும்.
பார்த்தேன். பார்க்காமல் இல்லை.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்,
அந்த ஒரு கோட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

முதலில் ஃபியூஸ். வெயிலில் பிடித்துப் பார்த்தேன்,
உள்ளே கம்பி முழுசு.
அடுத்தது ரிலே.
ஹாரனுக்கும் இதற்கும் ஒரே அச்சு, இடம் மாற்றினேன்.
ஹாரன் அடித்தது,
செண்டுமல்லி டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினார்.
ரிலே நல்ல ரிலே.
மிச்சம் இரண்டு:
சுற்றவேண்டிய மோட்டார்,
தண்ணீர் கொதிக்கிறது என்று அதற்குச் சொல்லவேண்டிய சுவிட்ச்.

செய்யமாட்டேன் என்கிறதா,
செய் என்று யாரும் சொல்லவில்லையா?
வெளியிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன.

சுவிட்சின் பிளக்கைக் கழற்றி
இரண்டு துளையையும் ஒரு கம்பியால் சேர்த்தால் தெரிந்துவிடும்.
கம்பி இல்லை.
ரசீது புத்தகம் இருக்கிறது, மூன்று பேனா இருக்கிறது,
பாதி சாப்பிட்ட எலுமிச்சை சாதம் இருக்கிறது.

"எந்தா சேச்சி, வண்டி பிணங்கியோ?"
கோட்டுக்கு அந்தப் பக்கம் லாட்டரி விற்கும் பிரசன்னா,
பலகையில் குத்திய சீட்டுகள் படபடக்க.
அதைத்தான் பார்க்கிறேன், என்றேன்,
பிணக்கா, தகவல் வராததா என்று.
ஒரு கம்பி வேண்டும். இத்தனூண்டு.
அவள் பலகையை என் கையில் கொடுத்துவிட்டு
கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்,
முனையிலிருந்த கறுப்புக் குமிழைக் கடித்துத் துப்பினாள்.

சாவியை அணைத்தேன். ஊசியைச் செருகினேன்.
அவளையே சாவியைத் திருப்பச் சொன்னேன்.

முதலில் ஒரு முனகல்.
சிலந்தியின் வீடு போயிற்று.
அப்புறம் சுற்றியது,
இத்தனை நாளும் சுற்றிக்கொண்டே இருந்ததுபோல
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
லாரியிலிருந்து உதிர்ந்து ரோட்டில் கிடந்த இதழ்கள்
எழுந்து வந்து முன்கம்பியில் ஒட்டின.
உள்ளே அந்த ஊசி
சிவப்பை விட்டு இறங்கத் தொடங்கியது.

மோட்டாரைத் திட்டியதை
மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
புது சுவிட்ச் கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கும்.
அதுவரை இது சூடு தெரியாமல், குளிர் தெரியாமல்
சும்மாவே சுற்றும். சுற்றட்டும்.

உன் ஊசி, என்றேன்.
"இருக்கட்டே," என்றாள்.
சீட்டு வாங்கச் சொல்லவில்லை.
வரிசை நகர்ந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்:
ஒரு கையில் பலகை,
மறு கையால் கூந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
கணவாயிலிருந்து காற்று
விடாமல் வந்துகொண்டிருக்கிறது.